உப்புல மண்ணு கொட்டிட்டா என்ன செய்வீங்க? அடுப்படியிலயே பிரிச்சு எடுக்கலாம் வாங்க

தங்கச்சி மவன் ஆறாப்பு படிக்கான். லீவுக்கு ஊருக்கு வந்தவன் நோட்ட விரிச்சு வச்சிக்கிட்டு வடிகட்டுதல், தெளிய வைத்து இறுத்தல், ஆவியாக்குதல், காய்ச்சி வடித்தல்னு மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கிட்டு கெடந்தான். சரில, ஒரு டம்ளர் உப்புல ஒரு டம்ளர் மண்ணு கொட்டிட்டேன், எப்படி எடுப்பன்னு கேட்டா முழிக்கான். பேர மட்டும் உருப்போட்டா அப்படித்தான். அந்த பத்து நாளும் ஆச்சி அடுப்படியில உக்காந்து ரெண்டு பேரும் ஒவ்வொண்ணா செஞ்சு பாத்தோம், அததான் இங்க எழுதுதேன். பெருசா சாமான் ஒண்ணும் வேண்டாம், வெள்ளைத்துணி, காபி ஃபில்டர் பேப்பர் கெடச்சா அது, கண்ணாடி டம்ளர் நாலு, ஒரு டார்ச் இருந்தா போதும். அடுப்பு வேலைய மட்டும் பிள்ளையள்ட்ட விட்றாதீங்க.

முதல்ல உங்க கையில இருக்கது எந்த மாதிரி கலவைன்னு பாக்கணும். மூணு டம்ளர்ல தண்ணி எடுத்துக்கிடுங்க. ஒண்ணுல ஒரு ஸ்பூன் உப்பு போட்டு கலக்குங்க, அடுத்ததுல நாலஞ்சு சொட்டு பால் விடுங்க, மூணாவதுல கொஞ்சம் வண்டல் மண்ணு. லைட்ட அணைச்சிட்டு சைடுல இருந்து டார்ச் அடிச்சு பாருங்க. உப்புத் தண்ணிக்குள்ள வெளிச்சம் போற பாதையே தெரியாது, பால் விட்டதுல பளிச்சுன்னு கோடு போட்ட மாதிரி தெரியும். உப்பு கரைஞ்சு போயி கண்ணுக்கு சிக்காத அளவுக்கு பொடிஞ்சிட்டுது, அது கரைசல். பால்ல இருக்க கொழுப்பும் புரதமும் அதவிட பெரிய துகள், வெளிச்சத்த நாலா பக்கமும் செதறடிக்கும், இதுக்குத்தான் டிண்டால் விளைவுன்னு பேரு, காலையில ஓட்டு ஓட்டை வழியா வெயில் விழும்போது அடுப்புப் புகையில கோடு தெரியும்லா அதேதான். மண்ணு போட்டது அரை மணி நேரத்துல அடியில தங்க ஆரம்பிச்சிரும். இந்த மூணுல உங்க கலவை எதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா கரைஞ்சத துணிய வச்சு வடிகட்டவே முடியாது, எத்தனை மடிப்பு மடிச்சு வடிகட்டுனாலும் உப்பு தண்ணியோடயே இறங்கிரும்.

கரையாத சாமான் கலந்து கெடந்தா அது ஆச்சிமாருக்கு தெரிஞ்ச சங்கதி. சொளவுல போட்டு புடைச்சா உமியும் தூசியும் முன்னால பறக்கும், கொழிச்சா குருணை தனியா ஒதுங்கும், எல்லாம் எடை வித்தியாசம்தான். அரிக்கஞ்சட்டி பாத்திருக்கீங்களா? உள்பக்கம் வரி வரியா இருக்கும், அரிசியும் தண்ணியுமா போட்டு சுத்தி சுத்தி ஆட்டி இன்னொரு சட்டியில ஊத்துனா அரிசி மெதந்து போயிரும், கல்லு அந்த வரியில மாட்டிக்கிட்டு நிக்கும். கல்லில்லாத அரிசி பாக்கெட்ல வந்தபொறவு அந்தச் சட்டி எங்க வீட்ல செடி வைக்க போயிட்டுது, அது எனக்கு கொஞ்சம் வருத்தம்தான்.

இப்ப உப்பும் மண்ணும். ரெண்டு ஸ்பூன் உப்பு, ரெண்டு ஸ்பூன் மண்ணு, நாங்க தேரிக்காட்டு செம்மண்ணு எடுத்தோம், நெறம் நல்லா தெரியும். ரெண்டும் எதுல வேறபடுதுன்னு பையன்ட்ட கேட்டேன், கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "மாமா, உப்பு கரையும் மண்ணு கரையாது"ன்னான். அவ்வளவுதான்ல விஷயம்னேன். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி நல்லா கலக்கி, அஞ்சு நிமிஷம் வச்சு, மேல தெளிஞ்சத மொதல்ல ஃபில்டர் பேப்பர்ல ஊத்துங்க, அடி மண்ண கடைசியில ஊத்துங்க. எடுத்த எடுப்புலயே மண்ண கொட்டுனா பேப்பர் அடைச்சிக்கிடும், பொறவு சொட்டு சொட்டா ராத்திரி வரைக்கும் இறங்கும். கீழ இறங்குன தண்ணிய அகலமான எவர்சில்வர் தட்டுல ஊத்தி மொட்டமாடி வெயில்ல வச்சிருங்க, நம்ம பாளையங்கோட்டை வெயிலுக்கு ரெண்டு நாள்ல உப்பு பூத்துரும். அடுப்புல வச்சு வத்த வைக்கலாம், ஆனா கடைசியில உப்பு வெடிச்சு தெறிக்கும், கண்ணுக்கு ஆகாது, கொஞ்சம் தண்ணி மிச்சம் இருக்கும்போதே அணைச்சிருங்க.

கடல் தண்ணியில இருந்து உப்பு எடுக்க ஆசைப்பட்டா ஒரு சங்கதி கேட்டுக்கிடுங்க, நான் இதுல ஒருதடவ நல்லா ஏமாந்தேன். திருச்செந்தூர் போனப்ப ரெண்டு லிட்டர் பாட்டில்ல கடல்தண்ணி பிடிச்சிட்டு வந்து சருவச்சட்டியில ஊத்தி கடைசி சொட்டு வரைக்கும் வத்த வச்சேன். ஒரு லிட்டர் கடல்தண்ணியில சுமாரா 35 கிராம் உப்பு வகை இருக்கும், அளவு சரியாத்தான் வந்துது, வாயில வச்சா ஒரே கசப்பு, ரெண்டு நாள்ல ஈரம் வேற கோத்து நசநசன்னு ஆயிட்டுது. ஆச்சி சிரிச்சிட்டு "ஏல, இத கோழி கூட திங்காது"ன்னா. காரணம் என்னன்னா கடல்தண்ணியில நம்ம சாப்பாட்டு உப்பு மட்டும் கெடையாது, ஜிப்சமும் இருக்கு, மெக்னீசியம் உப்புகளும் இருக்கு. தூத்துக்குடி உப்பளத்துல என்ன செய்தாங்கன்னு பாத்தீங்கன்னா தண்ணிய ஒரே பாத்தியில போட்டு மொத்தமா காய விடமாட்டாங்க. ஒரு பாத்தியில கொஞ்சம் வத்தவிட்டு அடுத்த பாத்திக்கு மாத்துவாங்க, தண்ணி கால்வாசி, அஞ்சுல ஒரு பங்குன்னு சுண்டும்போது ஜிப்சம் மொதல்ல படியும், பத்துல ஒரு பங்கா சுண்டுனபொறவுதான் சாப்பாட்டு உப்பு கட்ட ஆரம்பிக்கும். அத வாரி எடுத்துட்டு மிச்சம் இருக்க கசப்புத் தண்ணிய வெளிய விட்ருவாங்க, மெக்னீசியம் எல்லாம் அதோட போயிரும். அதனால நீங்களும் கொஞ்சம் தண்ணி மிச்சம் இருக்கும்போதே கட்டுன உப்ப வழிச்சு எடுத்துட்டு அடித்தண்ணிய கொட்டிருங்க, கசப்பு வெகுவா கொறையும். அங்க இப்ப கடல்தண்ணி மட்டும் இல்ல, போர் போட்டு எடுக்க உவர்தண்ணியும் நெறய உபயோகிக்காங்க. ஐப்பசி மழை தொடங்குனா வேலை நின்னுரும்.

அடுத்தது எனக்கு ரொம்ப பிடிச்சது, கல்கண்டு. அறை சூட்டுல 100 மி.லி. தண்ணியில உப்பு 36 கிராம் வரைக்கும் கரையும், கொதிக்க வச்சாலும் 39, 40 கிராம்தான். சீனி அப்படி கெடையாது, அதே 100 மி.லி. தண்ணியில சாதாரணமா 200 கிராம் கரையும், கொதிக்கும்போது 480 கிராமுக்கு மேல கரையும். அதனால உப்புத் தண்ணிய கொதிக்க வச்சு ஆறவிட்டா மூணு நாலு கிராம் கூட ஒழுங்கா கெடைக்காது, தண்ணிய வெயில் குடிச்சாத்தான் உப்பு. சீனிப்பாகு ஆறுனாலே போதும், கூடுதலா கரைஞ்சது தானா வெளிய வரும்.

வீட்ல செய்ய 200 மி.லி. தண்ணியில அரை கிலோ சீனி போட்டு (இங்க சர்க்கரைன்னு கேட்டா வெல்லப்பொடிய கட்டிக் குடுத்துருவாங்க, சீனின்னு கேளுங்க) சின்ன தீயில கடைசி பரல் கரையிற வரைக்கும் கிண்டுங்க. ஒரு பருத்தி நூல தண்ணியில நனைச்சு சீனியில பொரட்டி மொதநாளே நல்லா காய வச்சிருக்கணும், அந்த பரல புடிச்சிக்கிட்டுதான் புதுசு வளரும், காயாத நூலா இருந்தா ஒட்டியிருந்த பரலும் பாகுல கரைஞ்சு போயிரும். பாகு கொஞ்சம் ஆறுனதும் கண்ணாடி பாட்டில்ல ஊத்தி நூல ஒரு குச்சியில கட்டி அடி தொடாம தொங்கவிட்டு, மேல துணி கட்டி, ஆடாத அசையாத எடத்துல ஒரு வாரம் வச்சிருங்க. எறும்பு வரும், தண்ணி தட்டுல வைங்க. எங்க மொத பாட்டில் வீணா போச்சு, ஏன்னா மருமவன் தெனமும் வளந்துட்டான்னு நூல தூக்கி தூக்கி பாத்தான், ஆட்டுன ஆட்டுல பாட்டில் அடியிலயும் ஓரத்துலயும் பொடிப்பொடியா கட்டிக்கிட்டு நூல்ல ஒண்ணும் ஏறல. ரெண்டாவது பாட்டில பரண்ல வச்சோம்.

பனங்கல்கண்டும் இதே கதைதான். பதநீர காய்ச்சி பாகு பதத்துக்கு கொண்டுவந்து நூல் கட்டுன பானையில ஊத்தி வாரக்கணக்குல அசைக்காம வச்சிருவாங்க. அதே பதநீர இன்னும் வத்த வச்சு சிரட்டையில ஊத்துனா கருப்பட்டி. கருப்பட்டியில தண்ணி மட்டும்தான் போயிருக்கும், பதநீர்ல இருந்த மத்ததெல்லாம் உள்ளயே இருக்கும், அதனாலதான் அந்த கருப்பும் மணமும். கல்கண்டுல சீனிச்சத்து மட்டும் தனியா கட்டி வந்துரும், மிச்சம் பாகாவே நின்னுரும். புஸ்தகத்துல ஆவியாக்குதல், படிகமாக்குதல்னு ரெண்டு தலைப்பு போட்டிருக்கான், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பையன் கேட்டான், ஒரு துண்டு கருப்பட்டியும் ஒரு துண்டு கல்கண்டும் கையில குடுத்தேன்.

கலங்கல் தண்ணிக்கு வருவோம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டி தாமிரபரணி கரை மீறி வந்துதுல்லா, அந்த வாரம் எங்க தெருக் கொழாய்ல டீ மாதிரி தண்ணி வந்துது. கொடத்துல பிடிச்சு ராத்திரி முழுக்க வச்சாலும் மேல கலங்கலாத்தான் நிக்கும். மணல் இறங்கிரும், களிமண் துகள் இறங்காது, ரொம்ப பொடிசு, போதாததுக்கு எல்லா துகளுக்கும் ஒரே மாதிரி எதிர் (நெகட்டிவ்) மின்சுமை, ஒண்ண ஒண்ணு தள்ளிவிட்டுக்கிட்டே மெதக்கும். படிகாரக் கட்டிய வாளித் தண்ணியில நாலு சுத்து சுத்தி எடுத்துட்டு அப்படியே வச்சா, படிகாரத்துல இருக்க அலுமினியத்தோட நேர் மின்சுமை அந்த தள்ளுமுள்ள நிறுத்திரும், துகளெல்லாம் ஒட்டி பஞ்சு பஞ்சா சேந்து அடியில தங்கிரும். ஆச்சி காலத்துல தேத்தாங்கொட்டைய பானை உள்பக்கம் ஒரசுவாங்க, அதுவும் இதே வேலையத்தான் செய்யுது. மேல தெளிஞ்சத மட்டும் அசைக்காம இறுத்துக்கிடுங்க. அல்வாவுக்கு கோதுமைப் பால தெளியவச்சு மேல் தண்ணிய வடிச்சிட்டு அடியில தங்குன கெட்டிப் பால எடுக்காங்கள்லா அதே இறுத்தல்தான், அங்க அடி வேணும், இங்க மேல வேணும். தெளிஞ்ச தண்ணின்னா கிருமி போயிட்டுதுன்னு அர்த்தம் கெடையாது, கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்.

கொதிக்க வச்சாலும் படிகாரம் போட்டாலும் உப்பு போகாது. சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் சில எடத்துல போர் தண்ணிய வாயில வைக்க முடியாது, அதுல இருந்து நல்லதண்ணி எடுக்கணும்னா இட்லி கொப்பரைய எடுங்க. ரெண்டு டம்ளர் உப்புத்தண்ணி ஊத்தி நடுவுல ஒரு ஸ்டாண்ட வச்சு அதுமேல காலி கிண்ணம் ஒண்ணு வைங்க. மூடிய தலைகீழா, குமிழ் உள்பக்கமா கிண்ணத்துக்கு நேரா வர்ற மாதிரி மூடி, மூடி மேல ஐஸ்கட்டி போடுங்க. சின்ன தீ. ஆவி மேல போயி சில்லுன்னு இருக்க மூடியில பட்டு தண்ணியாகி குமிழ் வழியா கிண்ணத்துல சொட்டும், உப்புக்கு ஆவியாகத் தெரியாது, அடியிலயே கெடக்கும். அரை மணி நேரத்துல ஒரு கிண்ணம் தேறும். கேஸ் விலைக்கு இது கட்டுபடியாகாது, அதான் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின், அது கொதிக்க வைக்காம அழுத்தம் குடுத்து சவ்வு வழியா தண்ணிய மட்டும் தள்ளுது.

சின்னதா இன்னும் ரெண்டு. ஃபில்டர் பேப்பர நீளமா வெட்டி, கீழ்நுனிக்கு ரெண்டு விரக்கடை மேல கருப்பு ஸ்கெட்ச் பேனாவால ஒரு புள்ளி வச்சு, நுனி மட்டும் தண்ணியில படுற மாதிரி தொங்கவிட்டா தண்ணி ஏற ஏற கருப்பு பிரிஞ்சு நீலம், சிவப்பு, மஞ்சள்னு வரும், பேனாவுக்கு பேனா மாறும். புள்ளி தண்ணிக்குள்ள முங்கிறக் கூடாது. மோர் கடையிறது எல்லாருக்கும் தெரியும், வெயில் நேரத்துல வெண்ணெய் தெரளாட்டா ஐஸ்தண்ணி விட்டு கடைங்க, கொழுப்பு எறுகி ஒட்டிக்கிடும்.

கடைசியா நான் ஒரு கலவை போட்டுக் குடுத்தேன், உப்பு 20 கிராம், தேரிமண்ணு, மரத்தூள், பட்டறையில வாங்குன இரும்புத்தூள், நாலையும் சேத்து. எதையும் சொல்லிக் குடுக்கல. அவன் பழைய ஸ்பீக்கர் காந்தத்த பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மொதல்ல இரும்பெடுத்தான் (கவர் இல்லன்னா காந்தத்துல இருந்து தூள பிய்க்க முடியாது), தண்ணி ஊத்தி மெதந்த மரத்தூள கரண்டியால வழிச்சான், வடிகட்டி மண்ண ஒதுக்குனான், தண்ணிய தட்டுல காய வச்சான். மூணாம் நாள் மளிகைக்கடை தராசுல நிறுத்தோம், உப்பு 17 கிராம். "மாமா, மூணு கிராம் எங்க போச்சு?"ன்னு என்னப் பாக்கான். ஃபில்டர் பேப்பர்ல காஞ்சு கெடந்த மண்ண தொட்டு நாக்குல வச்சு பாக்கச் சொன்னேன், கரிச்சுது. மரத்தூளும் கரிச்சுது. மண்ணயும் தூளயும் இன்னொருக்க அரை டம்ளர் தண்ணி விட்டு கழுவி அந்தத் தண்ணியயும் சேத்து காய வச்சிருக்கணும், அதுக்குள்ள அவனுக்கு ரயிலுக்கு நேரமாயிட்டுது.