பெருந்தமனி வீக்கம்: பெண் நோயாளிகளிடம் நாம் தவறும் இடங்கள்

ரத்தநாளப் பிரிவுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள், பெண்களின் பெருந்தமனி வீக்கத்திலும் இதய நோயிலும் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளைத் திரும்பச் செய்கிறார்கள். ரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் விடுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

5.5 என்ற எண்ணை எல்லோருக்கும் பொருத்துவது

வயிற்றுப் பெருந்தமனி வீக்கம், அதாவது அனியூரிசம், 5.5 செ.மீ. தொட்டால் அறுவைச் சிகிச்சையை யோசிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த எண்ணைத் தந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்பதுதான் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் ஸ்கேனில் வீக்கம் 5.1 செ.மீ. "5.5 ஆகவில்லை, ஆறு மாதம் கழித்து வரவும்" என்று எழுதி அனுப்பப் பார்த்தார்கள். அதே படத்தில், வீங்காத மேல்பகுதியில் தமனியின் விட்டம் 1.6 செ.மீ. தன் இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் விரிந்திருக்கிறது! ஆண்களுக்கு அந்த இடம் ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும், அவர்களுக்கு 5.1 என்றால் இரண்டரை மடங்குதான். இரண்டு அளவும் ஒரே திரையில் இருந்தும் ஒன்றை மட்டும் படிப்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இந்த வீக்கம் பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. ஆனால் வந்துவிட்டால், ஒரே அளவில் பெண்ணுக்கு வெடிக்கும் அபாயம் சுமார் மூன்று மடங்கு. வெடித்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அதனால்தான் பெண்களுக்கு 5 செ.மீ.யிலேயே சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கின்றன வழிகாட்டுதல்கள். அதற்காக அவசரப்பட்டு அறுக்கவும் கூடாது. பெண்களின் இடுப்புத் தமனிகள் குறுகலானவை, அவற்றின் வழியே ஸ்டென்ட் கிராஃப்டை (வீங்கிய தமனிக்குள் பொருத்தும் துணி உறையிட்ட குழாயை) உள்ளே கொண்டுபோவது கடினம். அறுவைச் சிகிச்சையிலும் இறப்பு விகிதம் அவர்களுக்குக் கூடுதல். ஆகவே 5-ஐ நெருங்கும்போதே ரத்தநாள அறுவை நிபுணரிடம் அனுப்பிவிடுங்கள். திட்டமிட அவருக்கு நேரம் வேண்டும்.

"இது ஆண்களின் நோய்"

பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களுக்குத்தான் ஸ்கேன் அழைப்பு போகிறது. பெண்களுக்கு அப்படி எதுவும் வராது. நாம் கேட்டால்தான் உண்டு. புகைபிடித்தவரா, உடன்பிறந்தவர்களுக்கோ பெற்றோருக்கோ அனியூரிசம் இருந்ததா?

பெண்ணுக்கு மாரடைப்பில் நெஞ்சு வலிக்காது என்று நம்புவது

வலிக்கும். பெண்களிடமும் அதிகம் காணும் அறிகுறி அதுதான். கூடவே மூச்சுத்திணறல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி ஆகியவை ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வரும். அவற்றை வாயுத் தொல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கர்ப்பகாலத்தைப் பற்றிக் கேட்காமல் விடுவது

அப்போது ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இருந்ததா என்று அறுபது வயதிலும் கேளுங்கள்; இருந்திருந்தால் பின்னாளில் இதய நோய் அபாயம் கூடுதல்.

மாதவிடாய் நிற்கும்வரை இதயத்துக்குப் பயமில்லை என்பது

இதய நோய் பெண்களுக்குச் சுமார் பத்து ஆண்டு தாமதமாக வருவது உண்மை. சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ இருந்தால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். இவை இரண்டும் இதயத்துக்கு ஏற்றும் அபாயம் ஆணைவிடப் பெண்ணுக்கு விகிதத்தில் அதிகம். நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள்.