படப்பிடிப்புக்கு மூன்று கிழமை இருக்கும்போது குறும்படக் கதையைத் திருத்துவது எப்படி?

கதை எழுதியாச்சு, கமராவும் இரவல் வாங்கியாச்சு, நாளும் குறிச்சாச்சு. அப்போதுதான் 'இது சரிவராது போல கிடக்கு' என்று வயிற்றைக் கலக்கும். பரவாயில்லை, கலங்குவதற்கு நல்ல நேரம் இதுதான். கொப்பியில் ஒரு காட்சியை வெட்டப் பேனை போதும். எடுத்த பிறகு வெட்டினால் அன்றைய சாப்பாட்டுக் காசும் சேர்ந்தே போகும்.

யாழ்ப்பாணத்தில் எடுத்த எங்கள் முதல் படத்தையே உதாரணமாக வைக்கிறேன். வெளிநாடு போகப்போகிற பேரன் அப்பப்பாவின் பழைய ராலி சைக்கிளை விற்கப் பார்க்கிறான். 14 பக்கம், 11 காட்சி, 7 இடம். ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, நெடுந்தீவுப் படகு எல்லாம் இருந்தது. கையில் இருந்தது இரண்டு நாளும் ஐந்து பேரும்.

1. சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள்

ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பார்கள். அது ஆங்கிலத் திரைக்கதையின் எழுத்தளவுக்கும் இடைவெளிக்கும் வந்த கணக்கு, தமிழில் கொப்பியில் எழுதினால் ஒத்துவராது. ஆளுக்கொரு பாத்திரம் பிரித்து வாசியுங்கள், ஒருவர் போனில் நேரம் பிடிக்கட்டும். பேச்சில்லாத இடங்களையும் நடித்துப் பாருங்கள். 'அப்பப்பா சைக்கிளைத் துடைக்கிறார்' என்ற ஒரு வரி எங்களுக்கு ஒன்றரை நிமிடம் எடுத்தது. மொத்தம் 21 நிமிடம்!

2. கதையை ஒரே வரியில் எழுதுங்கள்

எங்கள் வரி: விற்க வந்தவனுக்கு விற்க மனம் வரவில்லை. இனி ஒவ்வொரு காட்சியையும் கையால் மறைத்துவிட்டு, அது இல்லாமலும் இந்த வரி நிற்குமா என்று பாருங்கள். நின்றால் வெட்டுங்கள். ரயில் நிலையம் போனது, ஆஸ்பத்திரி போனது. நெடுந்தீவை வெட்டினதுக்கு இயக்குனர் இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை (அந்த இயக்குனர் நான்தான்). குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகுப் பயணம், கடைசிப் படகை விட்டால் இரவு அங்கேதான், இவ்வளவு பாடுபட்டுப் போய்ப் பையன் அங்கே செய்வது கடலைப் பார்ப்பது மட்டும். டவுனுக்குப் பக்கத்துப் பண்ணைப் பாலத்தில் நின்றும் கடலைப் பார்க்கலாம்.

3. இடங்களைச் சேருங்கள்

எனக்குப் பிடித்த வேலை இது. சைக்கிள் வாங்குகிறவரை முதலில் டவுனில் ஒரு கடையில் வைத்திருந்தோம். கடைக்காரர் சம்மதிக்கவில்லை, அதனால் வாங்குகிறவரை வீட்டுப் படலைக்குக் கொண்டுவந்தோம். வந்த பிறகுதான் விளங்கியது, காட்சி இருக்கவேண்டிய இடமே அதுதான் என்று. அவர் உள்ளே வரவில்லை, பேரன் வெளியே போகவில்லை, படலைக்கு மேலால் விலை பேசுகிறார்கள், விறாந்தையில் இருக்கிற அப்பப்பாவுக்கு எல்லாம் கேட்கிறது. முன்பு அவர் ஒரு பக்கத்துக்குப் பழைய கதை பேசுவார். அதை முழுக்க எடுத்துவிட்டு, எழும்பி வந்து விற்கப்போகிற சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார் என்று மட்டும் எழுதினோம். நீண்ட பேச்சைக் கண்டால் அந்த ஆள் அந்த நேரம் கையால் என்ன செய்வார் என்று யோசியுங்கள், பாதி வசனம் தானாக விழும்.

4. எடுக்கப்போகிற அதே நேரத்தில் இடத்தைப் பாருங்கள்

இரண்டு நிமிடம் பேசாமல் நின்று போனில் சத்தத்தைப் பதியுங்கள். ஆடி மாதச் சோளகக் காற்றில் பனங்கூடலுக்குள் மைக் வைத்தால் ஓலைச் சத்தம்தான் மிஞ்சும். அயல் கோயில்களின் திருவிழா நாட்களையும் கேட்டு வையுங்கள். நல்லூரில் மட்டும் 25 நாள். லைட் இல்லையென்றால் இரவுக் காட்சியை மைமலுக்கு (பொழுதுபடும் நேரத்துக்கு) மாற்றலாம், ஆனால் எங்கள் பக்கம் பொழுதுபட்டால் கெதியாக இருட்டிவிடும், ஒரு காட்சிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். ட்ரோனுக்கு அனுமதி எடுக்கவேண்டும். முதல் படத்துக்கு அது தேவையா?

5. போனில் படமெடுத்து அடுக்குங்கள்

நண்பர்களை நிறுத்தி ஒவ்வொரு ஷொட்டையும் ஒரு போட்டோவாக எடுத்து வரிசையாகப் பாருங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படம் அடுத்தடுத்து வந்தால் ஒன்றைத் தூக்குங்கள். எங்களுக்கு 62 ஷொட் 34 ஆனது.

முடிந்ததும் புதுப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்திலும் திகதி போட்டு எல்லோருக்கும் கொடுத்து, பழையதைத் திருப்பி வாங்குங்கள். நாங்கள் வாங்கவில்லை. முதல் நாள் காலை அப்பப்பாவாக நடிக்க வந்தவர் அந்த ஒரு பக்கப் பேச்சையும் பாடமாக்கிக்கொண்டு வந்து நின்றார். முழுவதையும் சொல்ல விட்டு, கை தட்டி, பிறகுதான் பம்ப்பைக் கையில் கொடுத்தோம்.