பிளாட் தரும் பிளாக்கெல்லாம் எக்ஸான் ஆகிவிடாது

எம்ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து படியெடுத்த நகல்) ஒன்றை பிளாட்டில் (BLAT, வரிசைகளைப் பொருத்திப் பார்க்கும் நிரல்) கொடுத்து ஜீனோமோடு பொருத்தினால் துண்டு துண்டாக பிளாக்குகள் வரும். அவற்றை ஒரு லூப்பில் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் எக்ஸான் (எம்ஆர்என்ஏவில் எஞ்சும் மரபணுத் துண்டு) என்று பெயர் போட்டு ஜிஎஃப்எஃப்3 (GFF3, மரபணுக் குறிப்புகளை வரிவரியாக எழுதும் வடிவம்) ஃபைலாக எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். மூன்று எக்ஸான் இருக்க வேண்டிய மரபணுவுக்கு ஐந்து வந்து நின்றது, போதாததற்கு நடுவில் ஒரே எழுத்து நீளத்தில் ஓர் இன்ட்ரான் (எக்ஸான்களுக்கு நடுவே வெட்டி நீக்கப்படும் பகுதி)!

பிளாக் என்றால் இடைவெளி இல்லாமல் பொருந்திய துண்டு, அவ்வளவுதான். ஓர் எழுத்து கூடக்குறைய இருந்தாலும், அது சீக்வென்சிங் பிழையாகவே இருந்தாலும், பிளாக் அங்கே முறிந்துவிடும். ஆகவே சின்ன இடைவெளிகளை முதலில் சேர்த்துவிட்டு, ஜீனோம் பக்கம் மட்டும் நீளமாக இருக்கும் இடைவெளிகளை இன்ட்ரானுக்கான வேட்பாளராக எடுத்து, அவற்றின் இரு முனையிலும் ஜிடி, ஏஜி இருக்கிறதா என்று பாருங்கள். மனித இன்ட்ரான்களில் பெரும்பாலானவை அப்படித்தான் தொடங்கி முடியும். பொருத்தங்களைப் பதியும் சாம் (SAM) ஃபைலின் சிகாரில் (CIGAR, பொருத்தத்தின் சுருக்கக் குறியீடு) இந்த வேறுபாடு எழுத்திலேயே இருக்கிறது: என் (N) என்றால் தாண்டிய பகுதி, டி (D) என்றால் டெலீஷன் (விடுபட்ட எழுத்துகள்). ஸ்டார் (STAR) என்ற பொருத்தும் நிரலின் இயல்பு அமைப்பில் 21 எழுத்துக்குக் குறைந்த இடைவெளி டெலீஷன்தான். இரண்டையும் ஒன்றாக நினைத்து வெட்டினால் மேலே சொன்ன கதைதான்.

பிளாஸ்ட் (BLAST, ஒத்த வரிசைகளைத் தேடும் நிரல்) தரும் ஹெச்எஸ்பிகளை (ஒத்துப்போன துண்டுகளை) எக்ஸானாக்குவது இன்னும் மோசம். எக்ஸான் முடிந்தபிறகும் இன்ட்ரானில் தற்செயலாக நாலு எழுத்து ஒத்துப்போனால் பிளாஸ்ட் அதையும் சேர்த்துக்கொண்டு போகும், அதே எழுத்துகள் அடுத்த ஹெச்எஸ்பியின் தொடக்கத்திலும் இருக்கும். எல்லை வேண்டுமென்றால் ஸ்ப்ளைஸிங் (இன்ட்ரானை நீக்கி எக்ஸான்களை ஒட்டுவது) தெரிந்த எக்ஸொனரேட்டோ மினிமேப்2-வோ போதும்.

அப்புறம் எண்கள். இன்சுலின் மரபணுவையே எடுத்துக்கொள்வோம்: ஜிஆர்சிஹெச்38-இல் (மனித ஜீனோமின் ஒரு பதிப்பு) 11ஆம் குரோமோசோம், 2159779 முதல் 2161209 வரை, மைனஸ் ஸ்ட்ராண்ட் (டிஎன்ஏவின் எதிர்த்திசை இழை), மூன்று எக்ஸான்கள், நீளம் 42, 204, 219. ஜிஎஃப்எஃப்3 ஒன்றிலிருந்து எண்ணும், முடிவு எழுத்தையும் சேர்க்கும். இடங்களைக் குறிக்கும் இன்னொரு வடிவமான பெட் (BED) ஃபைல் பூஜ்யத்திலிருந்து எண்ணும், முடிவைச் சேர்க்காது. அதனால் அங்கே தொடக்கம் 2159778, முடிவு அதே 2161209. பெட்டின் 12 பத்தி வடிவமான பெட்12-இல் பிளாக் நீளங்கள் 219, 204, 42 என்ற வரிசையில் வரும், தொடக்கங்கள் 0, 1006, 1389. 1389-உடன் 42-ஐக் கூட்டினால் 1431, அதாவது மரபணுவின் முழு நீளம். இந்தக் கூட்டல் சரிவராவிட்டால் எங்கோ ஒன்று தப்பியிருக்கிறது. முதல் எக்ஸான் வலது கோடியில் இருப்பதைக் கவனியுங்கள், பட்டியலின் முதல் வரியை 'எக்ஸான் 1' என்று எண்ணிடும் ஸ்கிரிப்டுகள் மைனஸ் ஸ்ட்ராண்டில் தலைகீழாகிவிடும்.

பிளாட்டின் வெளியீட்டு வடிவமான பிஎஸ்எல் (PSL) இங்கே இன்னொரு குழி வெட்டி வைத்திருக்கிறது. மைனஸ் என்றால் எம்ஆர்என்ஏவின் பிளாக் தொடக்கங்களை அது திருப்பிப்போட்ட வரிசையில் எண்ணும். இன்சுலினின் 465 எழுத்து எம்ஆர்என்ஏவில் 219 எழுத்து பிளாக்குக்கு 0 என்று எழுதியிருக்கும், உண்மையில் அது தொடங்குவது 246-இல் (465-இலிருந்து 0-ஐயும் 219-ஐயும் கழிக்க வேண்டும்).

புரதத்தை ஜீனோமோடு பொருத்தி வந்ததை எக்ஸான் என்று எழுதுவதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. அது சிடிஎஸ் (CDS, புரதமாக மொழிபெயர்க்கப்படும் பகுதி). இன்சுலினின் முதல் எக்ஸானில் புரதத்துக்கான எழுத்து ஒன்றுகூட இல்லை, எனவே 42-உம் காணாமல் போகும். இரண்டாவதில் முதல் 17 எழுத்துகளும் போகும். புரதத்தில் ஸ்டாப் கோடான் (மொழிபெயர்ப்பை நிறுத்தும் மூன்றெழுத்து) கிடையாது என்பதால் சிடிஎஸ்ஸின் கடைசி மூன்றும் வராது. ஜிஎஃப்எஃப்3 ஸ்டாப் கோடானை சிடிஎஸ்ஸுக்குள் சேர்க்கும், அதைப் போன்ற இன்னொரு வடிவமான ஜிடிஎஃப் (GTF) சேர்க்காது.

ஃபேஸ் (அடுத்த கோடான் தொடங்கும் முன் தாண்ட வேண்டிய எழுத்துகளின் எண்ணிக்கை) எழுதும்போதும் இதே மரபணு உதவும். இரண்டாவது எக்ஸானில் சிடிஎஸ் 187 எழுத்து. மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று, அந்தக் கோடானை முடிக்க அடுத்ததிலிருந்து இரண்டு வேண்டும், ஆகவே மூன்றாவது எக்ஸானின் ஜிஎஃப்எஃப்3 ஃபேஸ் 2. யூசிஎஸ்சி (UCSC) ஜீனோம் தளத்தின் டேபிளில் இதே இடத்தில் 1 இருக்கும், அது ஃப்ரேம். மீதி எவ்வளவு என்பதை எண்ணுகிறது. அப்படியே காப்பி செய்தால் மொழிபெயர்ப்பில் நடுநடுவே ஸ்டாப் கோடான் முளைக்கும்.

இத்தனைக்கும் பிறகு, அலைன்மென்டை (பிளாட் தந்த பொருத்தத்தை) தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஜிஎஃப்எஃப்3-இல் அதற்கென்றே சிடிஎன்ஏ_மேட்ச் என்ற வகை இருக்கிறது: எல்லாத் துண்டுக்கும் ஒரே ஐடி, எம்ஆர்என்ஏவில் எந்தப் பகுதி என்று சொல்ல டார்கெட், இடைவெளிகளுக்கு கேப். எக்ஸான்களோ எம்ஆர்என்ஏவை பேரன்ட்டாகக் காட்டித் தனி வரிகளில் இருக்கட்டும். நாளைக்கு யாராவது 'இந்த எல்லை எங்கிருந்து வந்தது' என்று கேட்டால் திறந்து காட்ட ஏதாவது வேண்டுமே.