யாழ்ப்பாணத்தில் கடை திறக்கிறீர்களா? எந்தச் சட்டம் எங்கே பிடிக்கும் என்று முதலில் பாருங்கள்

கனடாவிலோ லண்டனிலோ இருந்து காசோடு வந்து யாழ்ப்பாணத்தில் கடை போட நினைப்பவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, வணிகப் பெயரை எங்கே பதிவது என்றுதான். அது சின்ன வேலை, பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள். ஆளை விழுத்துவது வேறு இடங்கள். இலங்கையில் அடியில் கிடப்பது ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டம், வியாபாரத்தின் பல விஷயங்களுக்கு ஆங்கிலேயச் சட்டம், வடக்குத் தமிழரின் காணிக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம், வேலையாள் என்று ஒருவர் வந்ததும் இவை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு மேலே ஏறும் தொழில் சட்டங்கள். ஆகவே ஒவ்வொரு கையெழுத்துக்கு முன்பும் இது எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் எடுப்பதிலிருந்து தொடங்குவோம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு (பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் அதிகாரமுள்ளவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதிப் பத்திரமாக எழுதவேண்டும். வெறும் தாளில் கையெழுத்து வாங்கி, பெரிய முற்பணம் கொடுத்து, ஐந்து வருடத்துக்குக் கடை என்னுடையது என்று நம்பி அலுமாரி அடித்தால், வழக்கு என்று வரும்போது அந்தத் தாள் குத்தகையாக நிற்காது. கட்டடம் கலியாணம் முடித்த பெண்ணின் பெயரில் இருந்தால் (சீதனக் காணிகள் அப்படித்தானே) இன்னொன்றையும் பாருங்கள். அவர் தேசவழமைக்கு உட்பட்டவரானால், அசையாச் சொத்தைக் கையாளக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் சட்டம். இந்தக் காலத்திலும் இப்படியொரு விதியா என்று எரிச்சல் வரும், எனக்கும் வருகிறது. ஆனாலும் கணவர் நோர்வேயில் இருக்கிறார் என்றால் அதை நொத்தாரிசிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

மச்சானோடு சேர்ந்து போடுகிறீர்களா? மூலதனம் 1,000 ரூபாவைத் தாண்டினால் பங்குடைமை எழுத்தில் இருக்கவேண்டும், அதுவும் அதே 1840 சட்டம்தான். இன்றைக்கு 1,000 ரூபாவுக்கு இரண்டு பேர் நல்ல மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவதே கஷ்டம், ஆக எல்லாக் கூட்டு வியாபாரமும் இதற்குள் வந்துவிடும். நீங்கள் எழுதாமல் விட்டதை இங்கிலாந்தின் 1890 பங்குடைமைச் சட்டம் நிரப்பும். 1866இல் போட்ட ஒரு கட்டளைச் சட்டம் அதற்குக் கதவு திறந்துவைத்திருக்கிறது. லாபம் சரிபாதி. மச்சான் கடைக்காக வாங்கிய கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. அது வேண்டாம் என்றால் 2007 கம்பனிகள் சட்டத்தின் கீழ் வரையறுத்த கம்பனியாகப் பதியுங்கள்.

அப்புறம் ஆள் எடுப்பது. ஒரே ஒருவரை வைத்தாலும் முதல் நாளிலிருந்தே ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டவேண்டும். சம்பளம் 40,000 என்று வையுங்கள். அவரிடம் 8 வீதம், 3,200 பிடிப்பீர்கள், கையில் 36,800 போகும். உங்கள் பங்கு 12 வீதம், 4,800. ஈடிஎப் 3 வீதம், 1,200. அதை அவருடைய சம்பளத்தில் தொடக்கூடாது. ஆக அவர் உங்களுக்கு 46,000 ரூபாச் செலவு. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. மிகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. 'எங்கட பெடியன்தானே' என்று நியமனக் கடிதம் கொடுக்காமல் விடாதீர்கள், பிறகு அந்தப் பெடியனே தொழில் திணைக்களத்தில் நிற்கும்போது உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

இனி நிறுத்துவது. வெளிநாட்டுப் பழக்கத்தில், ஒரு மாத அறிவித்தல் கொடுத்தால் சரி என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். இங்கே அந்த வரியை நம்பி யாரையும் அனுப்பாதீர்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி. இது 1971ஆம் ஆண்டின் சட்டம், வியாபாரம் படுத்துவிட்டது என்றாலும் இதுதான் வழி. அதே 15 பேர் கணக்கில்தான் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் வரும்: மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம்.

களவு, சண்டை என்றால் ஆணையாளரின் அனுமதி தேவையில்லை. ஆனால் குற்றத்தை எழுதிக் கொடுங்கள், அவருடைய விளக்கத்தையும் எழுத்தில் வாங்குங்கள், விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். இந்த 1971 சட்டம் பொருந்தும் கடையானால், நிறுத்திய பிறகு இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணம் எழுத்தில் அவர் கைக்குப் போகவேண்டும்.

எங்களிடம் நாலு பேர்தானே என்று இருப்பவர்களும் தப்பவில்லை. நிறுத்தப்பட்ட ஊழியர் யாரும் தொழில் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்குப் போகலாம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதை ஒதுக்கிவைத்துவிட்டு நியாயம் எது என்று பார்த்துத் தீர்க்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. முறைப்பாடு செய்ய அவருக்கு ஆறு மாதம் இருக்கிறது, அதுவரைக்காவது ஆட்கள் வேலைக்கு வந்ததைக் குறிக்கும் வரவுப் புத்தகத்தையும் சம்பளச் சீட்டுகளையும் எச்சரிக்கைக் கடிதங்களையும் தூக்கி எறியாதீர்கள்.