ஸ்பிரேயரைத் தோளில் மாட்டும் முன்: பழத்தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமர இலைகள் கரி பூசியதுபோல் கறுத்துப்போனால் பலரும் உடனே பூஞ்சைக்கொல்லி வாங்க ஓடுகிறார்கள். அந்தக் கரும்பூசணம் இலையைத் தின்பதே இல்லை. தத்துப்பூச்சியோ செதில்பூச்சியோ கழித்த இனிப்புப் பிசுக்கின் மேல்தான் அது படர்கிறது. பூச்சியை விட்டுவிட்டுப் பூசணத்துக்கு அடித்தால் பிசுக்கு சொட்டிக்கொண்டேதான் இருக்கும். தோட்டத்தில் நடக்கும் தவறுகள் பலவற்றுக்கும் வேர் இதுதான்: என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அடிப்பது.

பார்ப்பது என்றால் வரப்பில் நின்று பார்ப்பதல்ல. வாரம் ஒருமுறை உள்ளே இறங்கி, ஓரத்து மரம், நடு மரம் இரண்டிலும் தளிரையும் பூங்கொத்தையும் இலையின் அடிப்பக்கத்தையும் கைலென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்.

நண்பனைக் கொல்வது

மாவுப்பூச்சிக் கூட்டத்தை உற்றுப் பாருங்கள். நடுவே கொஞ்சம் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகளோடு ஒன்று இருக்கும். குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சி அசமந்தமாகக் கிடக்கும். இதுவோ விறுவிறுவென நகரும். அது கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்னவே வந்திருக்கிறது. "பெரிய மாவுப்பூச்சி" என்று நினைத்து அதற்கும் சேர்த்து மருந்தடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

இது சின்ன இழப்பல்ல. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த ஒரு செதில்பூச்சியை, 1888-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வெடாலியா என்ற பொறிவண்டு அடக்கியது. 1940-களில் அங்கே டிடிடி பூச்சிக்கொல்லியை அடிக்கத் தொடங்கியதும் வண்டு செத்தது, செதில்பூச்சி மறுபடி பெருகியது. இன்றும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்த தோப்புகளில் சிலந்திப்பேனும் செதில்பூச்சியும் கிளம்புவது இதே கணக்குதான்.

எறும்பையும் கவனியுங்கள். பிசுக்குக்காக அது மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். தண்டில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன்மேல் பசை தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவ வேண்டாம். தரையைத் தொடும் கிளைகளை வெட்டாவிட்டால் எறும்பு அந்த வழியே ஏறிவிடும், பசை வீண்.

பெயரை மாற்றி மருந்தை மாற்றாதது

போன முறை இமிடாகுளோபிரிட், இந்த முறை தையமெதாக்சம். மருந்தை மாற்றிவிட்டதாகத் தோன்றும். இரண்டும் நியோனிகோடினாய்டு என்ற ஒரே வகைப் பூச்சிக்கொல்லி, பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. ஒன்றுக்குப் பழகித் தப்பிய பூச்சி மற்றதற்கும் தப்ப வாய்ப்பு அதிகம். டப்பாவின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்து எந்த வகை என்று பாருங்கள். பூ மலர்ந்திருக்கும்போது பூச்சிக்கொல்லியே வேண்டாம். தேனீ போனால் காய்ப்பும் குறையும்.

கலக்கும் இடத்தில்

கையில் கிடைத்ததையெல்லாம் ஒரே டேங்கில் ஊற்றுவது பரவலான பழக்கம். பூசணத்துக்கு அடிக்கும் போர்டோ கலவை காரத்தன்மை கொண்டது. பல பூச்சிக்கொல்லிகள் அதில் சிதைந்துவிடும். ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரும்புப் பாத்திரம் ஆகாது. தயாரானதும் துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் முக்கி எடுங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே அடித்தால் இலை கருகும்.

உதிர்ந்த பழத்தை விட்டுவைப்பது

பழ ஈ தோலுக்கடியில் முட்டையிடுகிறது. புழு உள்ளே சதையைத் தின்றுவிட்டு, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. அதனால் மரத்தடியில் அழுகிக் கிடக்கும் ஒவ்வொரு பழமும் அடுத்த படைக்கு விதை. தினமும் பொறுக்கி, இரண்டடிக்குக் குறையாமல் புதையுங்கள். பழ ஈயை வாசனையால் இழுக்கும் மீதைல் யூஜினால் பொறி மாட்டிவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள்: அதில் விழுவது ஆண் ஈக்கள்தான். முட்டையிடும் பெண் ஈ வெளியே சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

கடைசி நேரத்தில் விழிப்பது

மாம்பழத்தில் கரும்புள்ளி விழுவது ஆந்த்ராக்னோஸ் நோய். பழுக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும் என்றாலும், பூசணம் பிஞ்சிலேயே புகுந்து தோலுக்கடியில் உறங்கியிருக்கும். அறுவடைக்கு முந்தின வாரம் அடிக்கும் மருந்து அதை எட்டாது. மருந்தின் எச்சம்தான் பழத்தோடு போகும். அந்தப் பூசணம் ஆண்டு முழுதும் தங்குவது காய்ந்த குச்சிகளிலும் பழைய பூங்கொத்துகளிலும். பறிப்பு முடிந்த கையோடு கவாத்து செய்து, காற்றும் வெயிலும் உள்ளே நுழைய வழி விடுங்கள். வெட்டியதை மரத்தடியில் குவிக்காமல் தோப்புக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.