கோல்டன் கய்யில் எந்தக் கதவைத் திறப்பது?

டோக்கியோவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் பலர், கபுகிச்சோவின் பெரிய விளக்குப் பலகைகளைப் பார்த்துவிட்டு ஷின்ஜுகுவின் இரவு இவ்வளவுதான் என்று வீடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில், ஹனசோனோ கோயிலை ஒட்டி, ஆறு குறுகிய சந்துகளில் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி மதுக்கூடங்கள் இருக்கின்றன. கோல்டன் கய் என்று பெயர். இந்த நகரத்தில் நான் மிகவும் நேசிக்கும் இடம் இதுதான். முதன்முறை போகிறவர்கள் சந்துகளில் படமெடுத்துவிட்டு, எந்தக் கதவையும் திறக்காமல் திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நம்மவர்கள் நிறைய பேர் வசிக்கும் நிஷிகசாயிலிருந்து வருகிறவர்கள் தோசாய் பாதையில் ஏறி, குதான்ஷிதாவில் ஷின்ஜுகு பாதைக்கு மாறி, ஷின்ஜுகு-சான்சோமேயில் இறங்குங்கள். ஷின்ஜுகு பெரிய நிலையத்துக்குப் போனால் வெளிவாசலைக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே களைத்துவிடுவீர்கள். வாரநாளில், இரவு எட்டு மணி வாக்கில் போவது உத்தமம். ஆறு மணிக்குப் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். வெள்ளி இரவு பத்து மணிக்குச் சந்தில் தோளோடு தோள் இடிக்கும். தனியாகப் போங்கள், மிஞ்சினால் இருவராக. நான்கு பேர் சேர்ந்து போனால் எந்தக் கடையிலும் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் கடை முழுவதையும் நீங்களே அடைத்துக்கொள்வீர்கள்.

இடம் அவ்வளவு சிறியது. போருக்குப் பிறகு நிலையத்தின் முன்னால் கடை விரித்திருந்த கறுப்புச் சந்தை வியாபாரிகளை 1949இல் அப்புறப்படுத்த உத்தரவு வந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் குடியேறிய இடம் இது. பிறகு அனுமதியற்ற விபசாரப் பகுதியாக இருந்தது. 1958இல் விபசாரத் தடைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் அந்த அறைகள் மதுக்கூடங்களாயின. செங்குத்தான மாடிப்படிகளும், மாடிக்கென்று தனிக் கதவுகளும் அந்தக் காலத்தின் மிச்சம். எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் பின்னர் இங்கே கூடினார்கள். 1974 முதல் சினிமாக்காரர்களின் கடையாக இருக்கும் லா ஜெத்தே இன்றும் நடக்கிறது. 1980களில் நிலவிலை தாறுமாறாக ஏறியபோது, இடத்தை வளைத்துப்போடக் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். இந்த இடத்தை நேசித்தவர்கள் அதைக் காப்பாற்ற இரவில் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். உங்களுக்குப் பக்கத்தில் அமரும் வெள்ளைத்தலைப் பெரியவர் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

சந்துக்குள் நுழைந்ததும் முதல் கடையில் ஏறிவிடாதீர்கள். ஆறு சந்துகளையும் ஒருமுறை மெதுவாக நடந்து, கதவுகளைப் படியுங்கள். வெளியே ஆங்கிலத்தில் விலைப்பட்டியல் மாட்டியிருந்தால் வெளியூர்க்காரர்களை வரவேற்கிறார்கள் என்று பொருள். அதில் இருக்கைக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். சில கடைகளில் கிடையாது. பெரும்பாலும் ஐந்நூறு யென்னிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை இருக்கும். உட்கார்ந்ததும் ஒரு சிறு கிண்ணத்தில் ஏதாவது கொறிக்கக் கொடுப்பார்கள். அதுவும் அந்தக் கட்டணத்தில் அடக்கம். கதவில் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் விலகிவிடுங்கள். ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டால் கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவைக் கதவுப் பலகைமேல் பிடியுங்கள், போதும். சந்துக்குள் புகைப்படம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு, அறிவிப்புகள் ஒட்டியிருக்கிறார்கள். கடைக்குள் எடுப்பதானால் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

கதவைத் திறப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பாதி திறந்து, வாசலிலேயே நின்று, எத்தனை பேர் என்று விரலால் காட்டுங்கள். மேசைக்கு அந்தப்பக்கம் நிற்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், காலி இருக்கையைப் பார்ப்பார், அதன்பிறகு தலையசைப்பார். கைகளைக் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி காட்டினால் இடமில்லை. அதில் அவமதிப்பு ஒன்றும் கிடையாது. வணங்கிவிட்டு அடுத்த கதவுக்குப் போங்கள். ஏழெட்டு இருக்கைகள் உள்ள கடையில் வழக்கமாக வருகிற ஒருவருக்காக ஓர் இருக்கையை வைத்திருப்பது அவர்களுடைய உரிமை.

உள்ளே போனால் ஒருவர் எழுந்து வழிவிட்டால்தான் நீங்கள் கடைசி இருக்கைக்குப் போக முடியும். பையை மடியிலோ காலடிக் கொக்கியிலோ மாட்டுங்கள். எதிர் அலமாரியில் விஸ்கிப் புட்டிகள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு, அல்லது உடலில் வெள்ளை மையால் ஒரு பெயர். அவை வாடிக்கையாளர்கள் முழுப் புட்டியாக வாங்கி அங்கேயே வைத்துவிட்டுப் போனவை. சில பெயர்களின் மை தேய்ந்து பாதிதான் தெரியும். எனக்குப் பிடித்த ஒரு கடையில் நடத்துகிற அம்மையார் பனிக்கட்டியைக் கையில் பிடித்து, கூரான ஊசியால் கொத்தி உருட்டி, கண்ணாடிக் குவளையில் சத்தமில்லாமல் இறக்குவார். அதைப் பார்ப்பதற்காகவே நான் விஸ்கி கேட்பேன். உங்களுக்கு மது வேண்டாமென்றால் ஊலாங் தேநீர் கேளுங்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. இங்கே சட்டப்படி மது அருந்தும் வயது 20. சைவம் சாப்பிடுகிறவர்கள் அந்தச் சிறு கிண்ணத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெறும் காய்கறியாகத் தெரிவதுகூட மீன் சாற்றில் வெந்ததாக இருக்கும்.

புகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஊழியர் வைத்திருக்கும் உணவகங்களில் டோக்கியோ மாநகர விதி 2020 ஏப்ரல் முதல் புகைபிடிப்பதைத் தடுக்கிறது. உரிமையாளர் ஒருவரே நடத்தும் கடைக்கு விலக்கு உண்டு. இங்கே அப்படிப்பட்ட கடைகள் ஏராளம். வாசலில் ஒட்டியிருக்கும் புகைக் குறியீட்டைப் பாருங்கள்.

ஒரு பெண்ணாகத் தனியே போகும் நான் முதலில் தேடுவது பெண்கள் நடத்தும் கடைகளை. இங்கே அவை நிறைய. பக்கத்தில் இருப்பவர் எல்லை மீறிப் பேசினால் கடைக்கார அம்மையார் ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார். ஆனால் அநேகமாக அந்தத் தேவையே எழாது. பேச்சு தானாகத் தொடங்கும். தமிழ்நாடு என்று சொல்லுங்கள். நடுத்தர வயதைக் கடந்தவராக இருந்தால், 1998இல் இங்கே வெளியாகி மாதக்கணக்கில் ஓடிய ரஜினிகாந்த் படத்தைச் சொல்லி முகம் மலர்வார். அடுத்த முறை அதே கடைக்குப் போனால் உங்கள் பெயர் அவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே இரவில் ஐந்து கடை ஏறி இறங்குவதைவிட, ஒரு கடையை உங்களுடையதாக்கிக்கொள்வதே மேல் என்பது என் திடமான கருத்து. ஒரு குவளையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காராதீர்கள். மற்றவர்கள் வாசலில் எட்டிப் பார்க்கத் தொடங்கினால் கணக்கை முடித்து எழுந்துவிடுங்கள். ரொக்கம் வைத்திருங்கள். ஒரு கடைக்கு மூன்றாயிரம், நான்காயிரம் யென் போதும்.

கபுகிச்சோ வழியாகத் திரும்பும்போது தெருவில் கூடவே நடந்து வந்து, மலிவான கடை காட்டுகிறேன் என்பவர் பின்னால் ஒருபோதும் போகாதீர்கள். அந்தத் தெருக்களில் ஒலிபெருக்கியிலேயே இதை எச்சரிக்கிறார்கள். அப்படிப் போனவர்கள் இரண்டு பீருக்குப் பல்லாயிரம் யென் கட்டிவிட்டு வருகிறார்கள்.

நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும். இரண்டு பாதை மாற வேண்டியவர்கள் பதினொன்றரைக்கே கிளம்ப வேண்டும். டாக்சிக்கு இரவு பத்து மணிக்குமேல் இருபது சதவீதம் கூடுதல் கட்டணம். சைக்கிளில் வந்திருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதும் இங்கே குற்றம். ரயிலைத் தவறவிட்டவர்களுக்குக் கோல்டன் கய்க்குள்ளேயே ஒரு குறுகிய படியேறினால் நாகி என்ற ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை இருக்கிறது. உலர்ந்த குட்டி மீனைக் கொதிக்கவைத்த சாறு. நெத்திலிக் கருவாட்டு வாசனை படிக்கட்டிலேயே வந்துவிடும். நாலரை மணி வாக்கில் யமனோதே பாதையில் முதல் வண்டி புறப்படும்.