கொத்தவரை வத்தலில் பூசணம்: என் அனுபவம்

தருமபுரிப் பக்கம் வைகாசியில் பகலெல்லாம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் திடீரென்று இடிமழை. வத்தல் பூசணம் பிடிப்பது அதனால்தான் என்று நினைத்திருந்தேன். தப்பு மழையில் இல்லை. வெயில் சூட்டோடு டப்பாவில் அடைத்ததில். மூடிக்குள் வியர்த்துவிடும்.

இப்போது செய்வது: முற்றாத கொத்தவரை 1 கிலோ, கொதிக்கும் தண்ணீர் 2 லிட்டர், கல்லுப்பு 60 கிராம், கொஞ்சம் மஞ்சள்தூள். 3 நிமிடம் போதும். குழைந்தால் துணியில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். நன்றாக வடித்து, பழைய வேட்டியில் ஒற்றை அடுக்காக 4 நாள் வெயில். ராத்திரி வீட்டுக்குள், மூடாமல். ‘படக்’கென்று ஒடியணும், வளைந்தால் இன்னும் ஒரு நாள். நிழலில் 2 மணி நேரம் ஆறியபிறகே டப்பா. பூசணம் பிடித்ததைக் கழுவிக் காயவைக்காதீர்கள், குப்பைதான்.